மதிப்பெண் போடும் கை யாருடையது?

தேர்வு நம்மை வடிகட்டிய வரலாறு நமக்குத் தெரியும், தோழர்களே. அதற்கு மாற்றாகவே 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்களும் சேர முடிந்தது. எழுத்துத் தேர்வோடு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி ஆகியவையும் மதிப்பிடப்பட்டன. என்ன எழுதினாய் என்பதைவிட, என்ன செய்யத் தெரியும் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

ஆனால் பணியிடத்தில் மதிப்பெண் போடுவது யார்? உக்கடம் சிஎம்சி காலனித் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனால், 'எந்தத் தெரு?' என்ற கேள்வியே மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம்.

ஆகவே நாம் கேட்போம்: அளவுகோல் முதல் நாளே எழுத்தில் மாணவர் கைக்கு வரட்டும். இருவர் மதிப்பிடட்டும். தெரியாததை மீண்டும் கற்பித்து, மீண்டும் சோதிக்கட்டும். தோல்வி என்று மட்டும் எழுதி அனுப்பும் கல்லூரி, தன் கற்பித்தலை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.