ஒரு படத்தைத் திருப்பிக் கொடுத்த கதை

1977 நவம்பரில் புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய உடைமைகளின் எடை 22 டன். நெகட்டிவ்கள், பிரிண்ட்கள், கான்டாக்ட் ஷீட்கள், கடிதங்கள், ஒலிநாடாக்கள், இசைத்தட்டுகள் என்று நாற்பதாண்டு உழைப்பு மொத்தமும் அதில் இருந்தது. எல்லாம் அரிசோனா பல்கலைக்கழகத்தின் படைப்புப் புகைப்பட மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புகைப்படக்காரர் அன்சல் ஆடம்ஸின் துணையோடு அந்த மையம் தொடங்கப்பட்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்மித்துக்கு அங்கே ஆசிரியர் வேலை. இன்னும் அறுபது நிறையவில்லை. ஆனால் போர்க்களக் காயம், குடி, தூக்கமில்லாத டார்க் ரூம் இரவுகள் எல்லாம் சேர்ந்து உடம்பை உருக்கியிருந்தன.

அவருடைய படங்களில் ஒன்றே ஒன்றின் பயணத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு தாய் தன் மகளைக் குளிப்பாட்டும் படம் அது. மகளின் பெயர் உலகம் அறிந்ததுதான். இருந்தும் இங்கே எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில், கடலோரத்தில் இருக்கிறது மினமாட்டா. சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை 1932இலிருந்து அங்கே அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கி பாதரசம். மெத்தில் பாதரசம் கலந்த கழிவுநீர் வளைகுடாவில் விடப்பட்டது. மீனுக்குள் போனது, மீன் தின்ற பூனைகளுக்குள் போனது, பூனைகள் வெறிபிடித்துச் சுழன்று செத்தன. பிறகு மீனவர் குடும்பங்கள். 1956 மே 1 அன்று நோய் முதல்முறையாக அதிகாரபூர்வமாகப் பதிவானது. தகவல் கொடுத்தது ஆலையின் சொந்த மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா. 1959இல் அவரே ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அந்த வருடம்தான் பாதரச முறை உற்பத்தியும் நின்றது. நோய் தெரிந்த பிறகும் பன்னிரண்டு வருடம் ஓடவிட்டார்கள்.

படத்தில் இருக்கும் மகள் பிறந்தது 1956 ஜூனில். தாயின் வயிற்றில் இருக்கும்போதே பாதரசம் ஏறிய குழந்தை. பேச்சில்லை, நடையில்லை. ஆனால் தாய்க்கு நோய் பெரிதாகத் தாக்கவில்லை. அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகளுக்கும் இல்லை. என் உடம்பிலிருந்த விஷத்தையெல்லாம் மூத்தவள் தானே வாங்கிக்கொண்டாள் என்று தாய் நம்பினார். வீட்டில் அவளைச் செல்வக் குழந்தை என்றுதான் சொன்னார்கள்.

1971இல் ஸ்மித் அங்கே போனார். அவருக்குத் துணை ஐலீன். ஜப்பானியத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவர். ஒரு விளம்பரப் படப்பிடிப்புக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து ஸ்மித்துக்கு அறிமுகமானார். அப்போது அவருக்கு இருபது வயது. 1971 ஆகஸ்டில் திருமணம், அடுத்த மாதமே மினமாட்டா. மூன்று மாதம் தங்குவதாகத் திட்டம், மூன்று வருடம் ஆனது. ஸ்மித்தைத் தெரிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றி நூறு படம் எடுத்துக்கொடுங்கள், மூன்று வாரம் போதும் என்று 1955இல் அனுப்பியபோது ஏறத்தாழ 17,000 நெகட்டிவ்கள் எடுத்து வைத்த மனிதர் அவர்.

மினமாட்டாவில் அவர்கள் வாடகைக்கு எடுத்ததே நோயாளி ஒருவரின் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டை. அக்கம்பக்கத்தவர் மாதிரி நோயாளிகளின் வீடுகளுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அந்தத் தாய் மகளைத் தினமும் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1971 டிசம்பரில், ஒரு பிற்பகலில், அந்த வீட்டுக் குளியலறையில் படம் எடுக்கப்பட்டது. தாயும் ஸ்மித் தம்பதியும் பேசி முடிவு செய்து எடுத்த படம் அது. ஒளிந்து நின்று எடுத்ததல்ல. ஆழமான ஜப்பானியத் தொட்டி. தாயின் கையில் பதினைந்து வயது மகள், விறைத்த உடலோடு மேலே நோக்கிக் கிடக்கிறாள். தாய் மகளின் முகத்தைப் பார்க்கிறார். பிரிண்ட் போடும்போது ஸ்மித் சுற்றிலும் நன்றாக இருளவிட்டு முகங்களில் மட்டும் ஒளியை நிறுத்தினார். ஐரோப்பியர்கள் இதில் மைக்கேல் ஆஞ்சலோவின் பியத்தா சிற்பத்தை, இறந்த மகனை மடியில் ஏந்திய தாயை, கண்டார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பியத்தாவின் மகன் இறந்துவிட்டவர். இவள் உயிரோடு இருக்கிறாள். குளிப்பாட்டி முடித்ததும் துவட்டி உடை மாற்ற வேண்டும், சோறு ஊட்ட வேண்டும்.

அடுத்த சில வாரங்களில், 1972 ஜனவரி 7 அன்று, டோக்கியோவுக்கு அருகே கோயி என்ற ஊரிலிருந்த சிஸ்ஸோ ஆலைக்கு நோயாளிகளோடு போன ஸ்மித்தை ஆலையின் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். கழுத்தும் கண்பார்வையும் பாதிக்கப்பட்டன. அந்த வலி கடைசிவரை போகவே இல்லை.

படம் 1972 ஜூன் 2 தேதியிட்ட லைஃப் வார இதழில் வந்தது. அதே வாக்கில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபையின் முதல் சுற்றுச்சூழல் மாநாடு. மினமாட்டா நோயாளிகள் சிலர் நேரில் போயிருந்தார்கள். அப்போதிருந்து மினமாட்டா என்றால் இந்தப் படம் என்றாகிவிட்டது. 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நோயாளிகள் பல ஆண்டு போராடிப் பெற்ற தீர்ப்பு அது. ஒரு படத்தால் வந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது சரியல்ல. படம் செய்தது வேறு: ஜப்பானுக்கு வெளியே யாரும் பார்க்காமல் இருக்க முடியாதபடி செய்தது. படத்தை உலகுக்குக் கொண்டுபோன லைஃப் வார இதழோ அந்த வருடக் கடைசியிலேயே நின்றுபோனது.

ஸ்மித் ஆசிரியராக என்ன கற்றுக்கொடுத்தார்? நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் முன்பு அவர் எடுத்த வகுப்புக்கு அவரே வைத்த பெயர், தமிழில் சொன்னால், கடினமாக்கப்பட்ட புகைப்படக் கலை. எளிதாகக் கற்றுத் தருகிறோம் என்று எல்லோரும் கூவும் தொழிலில் இப்படி ஒரு பலகை! பொறுப்பு இரண்டு பேரிடம் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்: படத்தில் இருப்பவர்களிடம், படத்தைப் பார்ப்பவர்களிடம். பத்திரிகை முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. ஆப்பிரிக்காவில் மருத்துவம் பார்த்த ஷ்வைட்சர் பற்றிய படக்கட்டுரையை லைஃப் ஆசிரியர் குழு அமைத்த விதம் பிடிக்காமல் வேலையையே விட்டவர். 1936இல் அவருடைய தந்தை, நொடித்துப்போன தானிய வியாபாரி, தற்கொலை செய்துகொண்டபோது உள்ளூர்ச் செய்தித்தாள்கள் எழுதிய விதம் அந்தப் பதினேழு வயதுப் பையனைச் சுட்டது. செய்தியில் இடம்பெறுகிறவர் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவர் பட்டறிந்த விஷயம்.

ஆனால் முழுச் சுத்தமான ஆசிரியர் என்று சொல்ல முடியாது. அதே ஷ்வைட்சர் கட்டுரையின் முக்கியப் படத்தில் இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துப் பிரிண்ட் போட்டார். ஸ்பானிய கிராமத்துச் சாவு வீட்டுப் படத்தில் பெண்களின் கண்பார்வை போகும் திசையைப் பிரிண்டில் திருத்தினார். இன்றைய செய்தி நிறுவனம் எதுவானாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும். இதையும் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். நடுநிலை என்பதைப் பத்திரிகைத் தொழிலிலிருந்து முதலில் தூக்கிப் போட வேண்டும் என்று, மினமாட்டா படங்கள் பின்னால் புத்தகமானபோது அதன் முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதியவர் அவர்.

அவரிடம் முறையாகப் படித்தவர்களைவிடப் பக்கத்தில் இருந்து கற்றவர்களே அதிகம். இஷிகாவா தகேஷி என்ற இளைஞர் மினமாட்டாவில் மூன்று வருடமும் உதவியாளராக இருந்தார். பிறகு அவரே பெயர்பெற்ற புகைப்படக்காரரானார். இந்தியாவுக்குப் பலமுறை வந்து திருநங்கையரோடு பழகிப் படமெடுத்துப் புத்தகம் போட்டார். ஊரோடு தங்கி எடுப்பது என்ற குருவின் வழி அதில் தெரியும்.

டூசானில் பாடம் நடத்த ஸ்மித்துக்கு அதிக நாள் வாய்க்கவில்லை. அவர் வந்து இறங்கிய சில வாரங்களில், 1977 டிசம்பரில், மினமாட்டாவில் அந்த மகள் இறந்துபோனாள். வயது 21. அதே டிசம்பரில் ஸ்மித்துக்குப் பக்கவாதம். ஓரளவு தேறி, உடம்பு இடம் கொடுத்த அளவுக்கு மாணவர்களைப் பார்த்தார். 1978 அக்டோபர் 15 அன்று மறுபடியும் தாக்கியதில் இறந்தார். வங்கிக் கணக்கில் 18 டாலர் இருந்தது என்று சொல்வார்கள். அவர் பெயரில் நண்பர்கள் தொடங்கிய நிதி 1980இலிருந்து புகைப்படக்காரர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 1982இல் அதைப் பெற்றவர் செபஸ்தியாவ் சல்காடோ.

எடுத்தவரும் இல்லை, எடுக்கப்பட்டவளும் இல்லை. படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாடநூல்கள், அருங்காட்சியகங்கள், துண்டுப் பிரசுரங்கள், நூற்றாண்டின் சிறந்த படங்கள் என்ற தொகுப்புகள். ஒவ்வொரு மறுபதிப்புக்குப் பிறகும் யாராவது ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். மாசு ஒழிப்புக்கு உதவும் என்றுதான் பெற்றோர் பேட்டிகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையே ஊரில் ஒரு பேச்சு: படத்தை வைத்து இவர்கள் பணம் பண்ணுகிறார்கள் என்று. அது பொய். நோயோடும் மகளோடும் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சும் வந்து சேர்ந்தது.

1990களின் பிற்பகுதியில் ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சிக் குழு படத்தைப் பற்றிப் பேட்டி கேட்டது. தந்தை மறுத்துவிட்டார். இனி எங்கள் மகளை ஓய்வெடுக்க விடுங்கள் என்பதுதான் பெற்றோரின் விருப்பம். செய்தி ஐலீனுக்கு எட்டியது. அந்தப் படத்தின் காப்புரிமை அவரிடம் இருந்தது. 1998இல் அவர் மினமாட்டாவுக்குப் போய், படத்தை என்ன செய்வது என்ற முடிவைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். இனிப் புதிதாக எங்கும் அச்சிட அனுமதியில்லை என்று அப்போது முடிவானது. அந்த மகளின் விருப்பத்துக்கும் குடும்பத்தின் விருப்பத்துக்கும் எதிராக வெளிவந்தால் அது அந்தப் படத்தையே களங்கப்படுத்துவது என்பது அவர் தந்த விளக்கம்.

புகைப்பட உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. வரலாற்றுச் சான்றை எப்படி மறைக்கலாம் என்று கேட்டார்கள். ஏற்கெனவே அச்சான லட்சக்கணக்கான பிரதிகளை என்ன செய்வது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் என் பார்வையில் ஐலீன் செய்ததுதான் ஸ்மித்தின் பாடத்துக்கு மிகச் சரியான விடை. படத்தில் இருப்பவர்களிடம் உள்ள பொறுப்பு ஷட்டர் சத்தத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1971இல் கொடுத்த சம்மதம் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் செல்லும் என்று யார் சொன்னது?

2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்றே பெயர் வைத்தார்கள். 2017இல் அது நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2018இல் ஏற்றது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு ஆலை மூடப்பட்டது 2001இல்; முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு வர 2016 ஆனது. தாமதத்தில் நாமும் சளைத்தவர்கள் அல்ல.

2020இல் ஜானி டெப் ஸ்மித்தாக நடித்த மினமாட்டா திரைப்படம் வந்தது. குளியலறைக் காட்சியை நடித்து எடுத்தார்கள். ஸ்மித் எடுத்த அந்தப் புகைப்படமும் மறுபடி வெளியே வந்தது. நல்ல நோக்கம்தான். இருந்தும் ஒரு குடும்பம் கேட்டுக்கொண்ட ஓய்வைவிட ஒரு திரைப்படத்தின் தேவை பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை.

இணையத்தில் தேடினால் படம் ஒரு நொடியில் கிடைக்கும். அதை நான் தடுக்க முடியாது. இதழியல் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். ஸ்மித்தைப் பற்றிப் பேசும்போது 1951இல் வந்த அவருடைய செவிலியர் படக்கட்டுரையைக் காட்டுங்கள். தெற்கு கரோலினாவில் கறுப்பின ஏழைகளுக்குப் பிரசவம் பார்த்த மாட் காலன் பற்றியது. வாசகர்கள் அதைப் பார்த்துவிட்டு அனுப்பிய பணத்தில் அவருக்கு ஒரு கிளினிக்கே கட்டப்பட்டது. குளியல் படத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், 1998இல் அந்தப் பெற்றோர் என்ன கேட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு காட்டுங்கள்.