தண்ணியா, காத்தா? புரொசசர் சூட்டின் சின்ன வரலாறு

எங்கட கூட்டத்தில ஒருத்தன் போன மாசம் புதுசா ஒரு கொம்பியூட்டர் பூட்டத் தொடங்கினான். வீடியோ எடிற் பண்ண, இடையில கொஞ்சம் கேம் விளையாட. மதர்போர்ட், ராம், கார்ட் எல்லாத்திலயும் பெரிய சண்டையில்லாமல் ஒரு முடிவுக்கு வந்திட்டம். கடைசியில கூலரில வந்து நிண்டது பிரச்சினை. பாதிப் பேர் "லிக்விட் போடு மச்சான், இப்ப அதுதான்" எண்டாங்கள். மிச்சப் பேர் "தண்ணி ஒழுகினா ஆர் காசு தாறது?" எண்டு கேட்டாங்கள். ஆனால் ஒரு விஷயத்தில இரண்டு கட்சியும் ஒற்றுமை. காற்று பழைய முறை, தண்ணீர் புதிய முறை எண்டு எல்லாருமே நம்பியிருந்தம்.

தேடி வாசிக்கத் தொடங்கின பிறகுதான் அது பிழை எண்டு விளங்கிச்சு. எங்களில் ஒருத்தரும் பிறக்கிறதுக்கு முதலே தண்ணீர் கொம்பியூட்டருக்குள்ள வந்திட்டுது. பிறகு போயிட்டுது. இப்ப திரும்பி வந்திருக்கு. ஏன் வந்தது என்பதை விட ஏன் போனது என்பதுதான் எங்களுக்குச் சுவாரசியமாக இருந்தது.

முதலில் ஓ.எல். விஞ்ஞானம் கொஞ்சம். புரொசசர் எதையும் தூக்குறதில்லை, தள்ளுறதில்லை. அதுக்குள்ள போற மின்சாரம் அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியில் வரும். 100 வாட் உள்ளே போனால் 100 வாட் சூடு. அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் சிப் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும், இல்லாட்டி நிண்டிடும். சூட்டைச் சுமக்கிற விஷயத்தில் காற்று பாவம். ஒரே கனவளவு காற்றையும் நீரையும் ஒரு பாகை சூடாக்கிப் பார்த்தால், நீர் ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு எண்ணை வைத்தே லிக்விட் கட்சி வென்றிருக்கலாம். ஆனால் வரலாறு அப்படிப் போகவில்லை.

1946 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். சுமார் 150 கிலோவாட் மின்சாரம். அதைக் குளிர்வித்தது பெரிய பெரிய ஊதுவிசிறிகள், அதாவது வெறும் காற்று. இயந்திரம் ஒரு மண்டபம் முழுக்கப் பரந்து கிடந்தபடியால் அது போதுமாக இருந்தது. சூடு அதிகம்தான், ஆனால் ஐதாகக் கிடந்தது.

திரான்சிஸ்டரும் பிறகு சிப்பும் வந்தபோது சிக்கல் தலைகீழானது. மின்சமிக்ஞை கம்பியில் ஓட நேரம் எடுக்கும். ஆகவே வேகம் வேணுமென்றால் கம்பியைக் குறுக்க வேண்டும், எல்லாத்தையும் நெருக்கி அடுக்க வேண்டும். நெருக்கினால் சூடும் நெருங்கும். 1960களுக்குப் பிறகு பெரிய கொம்பியூட்டர் செய்த எல்லாரும் இந்த ஒரே முடிச்சில்தான் மாட்டினார்கள். அந்தக் காலத்து வேகமான சிப்புகள் பைபோலார் வகை. வேலை செய்தாலும் சும்மா இருந்தாலும் அவை மின்சாரம் குடித்துக்கொண்டேயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல சண்டைக் கதை இருக்கு. ஐபிஎம் 1964 இல் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஜீன் அம்டால். அவர் 1970 இல் ஐபிஎம்மை விட்டு வெளியேறிச் சொந்தக் கம்பனி தொடங்கினார். ஐபிஎம்மின் மென்பொருள் அப்படியே ஓடும், ஆனால் ஐபிஎம் செய்யாத இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டுவதுதான் திட்டம். அப்ப ஐபிஎம்மின் பெரிய இயந்திரமான 370/168 தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது. வாங்குகிற நிறுவனம் தன் கட்டடத்துக்குள்ள குளிர்நீர்க் குழாய் இழுக்க வேண்டும். 1975 இல் வந்த அம்டால் 470வீ/6 அதோடு நேருக்கு நேர் மோதியது. அதுக்குக் குழாயே தேவையில்லை. ஒவ்வொரு சிப்பின் தலையிலும் செதில் செதிலாக ஒரு குட்டி உலோகக் கோபுரம், அப்படி 42 சிப்புகள் வரை ஒரு பலகையில், நடுவால் விசிறிக் காற்று. முதல் இயந்திரம் நியூயோர்க்கில் இருந்த நாசாவின் கொடார்ட் விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. 1975 இல் "புதுசு" காற்றுதான், "பழசு" தண்ணீர்! எங்கட கூட்டத்தில் இதைச் சொன்னபோது இரண்டு கட்சிக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1980 இல் அறிவித்த 3081 இல் ஒரு விசித்திரமான பெட்டியை வைத்தார்கள். பீங்கான் தட்டொன்றில் நூறுக்கும் மேற்பட்ட சிப்புகள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் வில்லால் அழுத்தப்பட்ட ஒரு அலுமினியத் தண்டு. இடைவெளியெல்லாம் ஹீலியம் வாயு, ஏனென்றால் அது காற்றை விட நல்லா வெப்பத்தைக் கடத்தும். எல்லாத்துக்கும் மேல தண்ணீர் ஓடும் குளிர்த்தட்டு. அப்படி ஒரு பெட்டியிலிருந்து 300 வாட் வரை இழுக்கலாம். ஒரு புரொசசரைக் குளிர்விக்க இவ்வளவு நுட்பமான இயந்திர வேலை செய்திருக்கிறார்களே எண்டு படத்தைப் பார்த்தபோது வாயைப் பிளந்தோம்.

சீமோர் கிரே வேறு வழியில் போனார். 1976 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்துக்கு அனுப்பின கிரே-1, ஆங்கில சீ எழுத்து வடிவில் நிற்கும் ஒரு கோபுரம். அடியைச் சுற்றி மெத்தை போட்ட வாங்கில் மாதிரி ஒரு வளையம். அதுக்குள்ளதான் மின்வழங்கிகள். மொத்தம் 115 கிலோவாட். சுற்றுப் பலகைகளுக்கு நடுவில் செப்புத் தகடு, அது சூட்டை ஓரத்துக்குக் கொண்டுவரும், அங்கே உருக்குக் குழாய்களில் ஃபிரியோன், அதாவது குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓடுகிற வகைத் திரவம். முதல் இயந்திரம் தாமதமானதுக்கும் காரணம் கணக்கு இல்லை, குழாய்தான். ஃபிரியோனோடு கலந்திருந்த எண்ணெய் மூட்டுகளால் கசிந்து பலகைகளில் படிந்தது. பொருத்துகிற முறையையே மாற்ற வேண்டி வந்தது. "தண்ணி ஒழுகினா ஆர் காசு தாறது" என்ற கேள்விக்கு அவ்வளவு வயசு.

1985 இல் வந்த கிரே-2 இல் குழாயையே விட்டுவிட்டு முழு இயந்திரத்தையும் திரவத்துக்குள் தாழ்த்திவிட்டார்கள். மின்சாரத்தைக் கடத்தாத ஃபுளோரினேர்ட் என்ற 3எம் கம்பனித் திரவம். குமிழி எழும்புவதைக் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்க்கலாம். அதனால் "பபிள்ஸ்" எண்டு பட்டப்பெயர். ஒரு பலகையைத் திருத்த வேண்டுமென்றால் முதல் திரவத்தை இறக்க வேண்டும்.

இந்தப் போக்கில் பார்த்தால் 1990களில் எல்லாம் இன்னும் ஆழமான தொட்டிக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. சீமொஸ் என்ற சிப்வகை முன்பே இருந்தது. சின்னக் கொம்பியூட்டர்களிலும் கல்குலேட்டர்களிலும் ஓடிக்கொண்டிருந்த, மெதுவானது எண்டு பெரியவர்கள் கணக்கில் எடுக்காத வகை. அதன் சிறப்பு, ஒன்றிலிருந்து பூச்சியத்துக்கோ பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கோ மாறும் கணத்தில்தான் பெரும்பாலும் மின்சாரம் எடுக்கும். சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. 1994 இல் ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களையே சீமொஸுக்கு மாற்றத் தொடங்கியது. ஆரம்பத்தில் அந்தப் புரொசசர்கள் பழைய பைபோலாரை விட மெதுவானவை, பலதைச் சேர்த்துப் போட்டு ஈடுசெய்தார்கள். சில வருசத்தில் வேகத்திலும் எட்டிப் பிடித்துவிட்டன. ஹீலியம் பெட்டியும் குளிர்நீர்க் குழாயும் தேவையில்லாமல் போயின. விசிறி போதும்.

இதை நாங்கள் திரும்பத் திரும்பப் பேசினோம். தண்ணீரைத் தோற்கடித்தது நல்ல விசிறி இல்லை. சூட்டை எப்படி அள்ளுவது என்ற கேள்வியிலிருந்து, சூட்டை ஏன் உண்டாக்க வேண்டும் என்ற கேள்விக்கு மாறினதுதான் காரணம். முப்பது வருசக் குழாய்வேலை அறிவு ஒரு சில வருசத்தில் பழங்கதையாகிப் போச்சு.

ஆனால் சீமொஸின் நல்ல காலமும் நிலைக்கவில்லை. திரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் அதன் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கலாம், அதனால் சூடு அடர்த்தியாகாது எண்டு 1974 இல் ரொபேர்ட் டெனார்டும் சகாக்களும் காட்டியிருந்தார்கள். 2000 அளவில் மின்னழுத்தம் அதுக்கு மேல இறங்க மறுத்தது. திரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. 2001 இல் இன்ரெலின் பட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் காட்டின வரைபு பிரபலம். இதே போக்கில் போனால் சிப்பின் வெப்ப அடர்த்தி முதலில் அணு உலை, பிறகு ரொக்கட் முனை, பிறகு சூரியனின் மேற்பரப்பு எண்டு ஏறும். எச்சரிக்கை சொன்ன கம்பனியே 2004 இல் பிரெஸ்கொட் என்ற பென்ரியம் 4 ஐ விட்டது. ஒரு சதுர சென்ரிமீற்றரை விடக் கொஞ்சம் பெரிய சிப்பில் 100 வாட்டுக்கு மேல். 1000 வாட் அயன்பெட்டியின் அடித்தட்டு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர் எண்டு வைத்துக் கணக்குப் பாருங்கோ, பிரெஸ்கொட் அதை விடப் பதினைந்து, இருபது மடங்கு அடர்த்தி.

அதே 2004 இல் அப்பிள் தன் பவர் மக் ஜி5 இன் 2.5 ஜிகாஹேர்ட்ஸ் மாதிரிக்குத் திரவக் குளிர்த்தலைப் பூட்டி விற்றது. கடையில் வாங்கி மேசையில் வைக்கிற கொம்பியூட்டருக்குள் திரவம்! முந்தின வருசம் ஸ்டீவ் ஜொப்ஸ் 12 மாசத்தில் 3 ஜிகாஹேர்ட்ஸ் தருவம் எண்டு மேடையில் சொல்லியிருந்தார், அது வரவேயில்லை. வந்த இயந்திரங்களில் சில பிற்காலத்தில் ஒழுகி உள்ளே அரித்த கதையும் உண்டு. அடுத்த வருசம் அப்பிள் இன்ரெலுக்கு மாறப்போவதாக அறிவித்தது. இன்ரெல் 2004 இலேயே 4 ஜிகாஹேர்ட்ஸ் பென்ரியத்தையும், அதுக்கு அடுத்ததாக வர இருந்த தேஜாஸையும் கைவிட்டிருந்தது. 2006 இல் வந்த கோர் 2 டுவோ இரண்டு மூளை, 65 வாட். திரும்பவும் அதே கதை. சிப்பை மாற்றினார்கள், விசிறி தப்பியது.

இந்த நேரத்தில் பொடியள் தங்கட வீடுகளில் வேறொரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தாங்கள். கார் ஹீற்றருக்குள் இருக்கிற சின்ன ரேடியேட்டரைக் கழற்றி, மீன்தொட்டிப் பம்பைப் பூட்டி, செப்புக் கட்டியில் தாங்களே துளை போட்டு, புரொசசரைக் குறிக்கப்பட்ட வேகத்துக்கு மேல ஓட்டிப் பார்த்தார்கள். அந்த உலகத்திலிருந்துதான் டென்மார்க்கின் அசெடெக் கம்பனி வந்தது. பம்பையும் குளிர்த்தட்டையும் ஒன்றாக்கி, தண்ணீரை ஊற்றி மூடி, திறக்கவே தேவையில்லாத பெட்டியாக்கினார்கள். 2009 இல் கோர்செயர் விற்ற எச்50 அதன் ஒரு பிள்ளை. இப்ப "லிக்விட் கூலர்" எண்டு கடையில் காட்டுறது பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

எதிர்க்கட்சியின் கதையில் எங்களுக்குப் பிடித்த பகுதி வெப்பக்குழாய். எயார் கூலரில் வளைந்து மேலே போகிற செப்புக் கம்பிகள் உண்மையில் கம்பிகள் இல்லை. உள்ளே வெறுமை, காற்று உறிஞ்சி எடுக்கப்பட்டிருக்கும், கொஞ்சத் தண்ணீர் மட்டும். சூடான முனையில் நீர் கொதித்து ஆவியாகும், குளிர்ந்த முனையில் திரும்ப நீராகும், உட்சுவரின் நுண்துளைகளால் ஊறித் திரும்பும். அமுக்கம் குறைவென்றபடியால் 40, 50 பாகையிலேயே கொதிக்கும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. ஜெனரல் மோட்டர்ஸில் இருந்த கோக்லர் 1944 இல் இதுக்குக் காப்புரிமை பெற்றும் யாரும் கவனிக்கவில்லை. 1963 இல் லொஸ் அலமோஸில் ஜோர்ஜ் குரோவர் விண்கலங்களுக்காகத் திரும்பக் கண்டுபிடித்தார். ஆக, எயார் கூலருக்குள்ளும் தண்ணீர் இருக்கு. லிக்விட் கூலரின் தண்ணீரும் ரேடியேட்டரில் போய்க் காற்றிடம்தான் சூட்டைக் குடுக்குது. சண்டை போட்ட இரண்டு கட்சியும் ஒரே வீட்டில்தான் குடியிருந்திருக்கு.

இதை விளங்கிக்கொண்டால் எங்கட நாட்டுக்குரிய ஒரு விஷயமும் விளங்கும். விமர்சன வீடியோக்களில் பெரும்பாலும் 20, 22 பாகை அறையில்தான் அளக்கிறாங்கள். சித்திரை மாசம் எங்கட அறை 32. இரண்டு வகைக் கூலருமே அறைக்காற்றை விடக் குளிராக்காது. அங்க 70 காட்டினால் இங்க 80 க்குக் கிட்ட எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ. அறைக்கு ஒரு யன்னல் திறப்பது சிலவேளை கூலர் மாற்றுவதை விடக் கூடுதலாக உதவும். கடலோரத் தூசியும் உப்புக்காற்றும் செதில்களில் அடைவது வேறு கணக்கு. மூடின லிக்விட் பெட்டியில் வருசக்கணக்கில் குழாய்ச் சுவரால் நீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறையும், பம்ப் ஒருநாள் நிற்கும், அப்ப முழுப் பெட்டியையும் எறிய வேண்டும். எயார் கூலரில் நிற்கக்கூடியது விசிறி மட்டும், அதைத் தனியா மாற்றலாம். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடுகிற 200 வாட்டுக்கு மேற்பட்ட புரொசசர் எண்டால் மட்டும் பெரிய ரேடியேட்டருக்குக் காசு குடுப்பதில் நியாயம் இருக்கு எண்டது எங்கட எண்ணம்.

பெரிய இயந்திரங்களின் பக்கம் தண்ணீர் முழுசாகத் திரும்பிவிட்டது. 2010 இல் சூரிச்சில் ஐபிஎம்மும் ஈ.ரீ.எச். பல்கலைக்கழகமும் செய்த அக்குவாசார் 60 பாகை வெந்நீரால் சிப்பைக் குளிர்வித்து, அந்தச் சூட்டைக் கட்டடத்துக்கே திருப்பிக் குடுத்தது. குளிர்நாட்டில் வேலை செய்யும் அழகான யோசனை. 2024 இல் என்விடியா அறிவித்த 72 சிப் கொண்ட ஒரு ராக் சுமார் 120 கிலோவாட், கட்டாயம் திரவக் குளிர்த்தல். ஒரு அலுமாரியளவு இடத்தில் ஒரு முழு கிரே-1 இன் மின்சாரம். அப்படி ஆயிரக்கணக்கான அலுமாரிகளை வரிசையாக அடுக்குறாங்கள். ஃபுளோரினேர்ட் இனி இல்லை, அந்த வகை இரசாயனங்கள் சூழலில் அழியாமல் கிடப்பதால் 2025 முடிவோடு உற்பத்தியை நிறுத்துவதாக 3எம் 2022 இல் அறிவித்தது. 1994 இல் ஐபிஎம் செய்தது போல, சூட்டையே குறைக்கிற ஒரு சிப்வகை இந்த முறை தயாராக எங்கேயும் தெரியவில்லை. அதனால் குழாய்க்காரருக்குத்தான் இப்ப வேலை.

எங்கட நண்பன் கடைசியில் 65 வாட் புரொசசரும் நாலு வெப்பக்குழாய் எயார் கூலரும் வாங்கினான். மிச்சக் காசுக்கு யூபிஎஸ் பற்றரி. லிக்விட் கட்சிக்காரர் இன்னும் கோவத்தில் இருக்கிறாங்கள், வெளிச்சம் மின்னாத கொம்பியூட்டரை என்னெண்டு ஃபோட்டோ எடுத்துப் போடுறது எண்டு.