தேக்குக் கப்பலும் அமேசான் காடும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுகத்தில் பழைய போர்க்கப்பல் ஒன்று இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலையின் பெயரே அது. மும்பையில் வாழும் நேயர்கள் அதனைத் தம் ஊர்க் கப்பல் என்றே உரிமை பாராட்டலாம். 1817-ஆம் ஆண்டில் பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார் கட்டியது. மரம் மலபார்த் தேக்கு.

கடலோடிகளான ஆங்கிலேயர் மரம் தேடி இத்தனை தொலைவு வந்தது ஏன்? அவர்கள் நாட்டில் ஓக் மரம் அருகிவிட்டது. 1086-இல் எடுக்கப்பெற்ற நிலக்கணக்கை ஆராய்ந்தோர், அப்போதே இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டு நிலத்தில்தான் காடு இருந்தது என்பர். எஞ்சியதையும் கழனியும் இரும்பு உலையும் கப்பல் தளமும் பங்கிட்டுக்கொண்டன. நெல்சனின் 'விக்டரி' என்ற ஒரு கப்பலுக்கு மட்டும் ஏறத்தாழ 6,000 மரங்கள் வீழ்ந்தன. ஓக் மரம் கப்பலுக்கு ஏற்றவாறு முதிர நூறாண்டு வேண்டும். போரோ அதுவரை காத்திராது.

ஆகவே கோடரி கடல் கடந்தது. மலபாரில் தேக்கு குறைந்ததைக் கண்ட கலெக்டர் கானலி, 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வைத்தார். நாற்று வளர்த்து நட்டுக் காட்டியவர் சாத்து மேனன். 1853-இல் இந்தியாவில் இரயில் ஓடத் தொடங்கியதும் தண்டவாளக் கட்டைகளுக்காக இமயத்துத் தேவதாருவும் வெட்டுண்டது. 1864-இல் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர் காட்டிலாகாவின் தலைவரானார். மறு ஆண்டே காட்டுச் சட்டம் பிறந்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டமோ, தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விறகும் மேய்ச்சலும் கண்ட கிராமத்தாரின் உரிமைகளைப் பெரிதும் சுருக்கிற்று. வெட்டியவர் ஒருவர், கட்டுண்டவர் வேறொருவர்.

பிரிட்டனில் முதல் உலகப்போருக்குப்பின், 1919-இல், காட்டு ஆணையம் அமைந்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 5 விழுக்காடாக இருந்த காடு இன்று 13 விழுக்காட்டளவு உயர்ந்திருக்கிறது. பாராட்டத்தக்கதே. எனினும் விறகின் இடத்தை நிலக்கரி பிடித்ததும், வேண்டிய மரத்தில் பெரும்பகுதி இன்றும் வெளிநாட்டிலிருந்து வருவதும் இந்த வளர்ச்சிக்குத் துணை நின்றன. புதிதாய் நட்டவற்றுள் மிகுதியும் வட அமெரிக்க ஊசியிலை மரம். பழைய ஓக் காடு திரும்பிவிடவில்லை.

பிரிட்டன் பல நூற்றாண்டுகளில் நடந்து முடித்த வழியில் பிரேசில் ஐம்பது ஆண்டுகளாக விரைந்து வந்திருக்கிறது. 1970-களில் அமேசான் காட்டினூடே நெடுஞ்சாலை இட்டதுமுதல் அந்நாட்டு அமேசானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. பெரும்பாலும் மாட்டு மேய்ச்சலுக்காக அழித்தனர். பின் சோயாவும் வந்தது. அந்த இறைச்சியிலும் சோயாவிலும் ஒரு பகுதி சீனத்துக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. முன்பு மரமாகப் போனது இன்று மாட்டுத் தீவனமாகப் போகிறது, அவ்வளவே. ஆனால், 'நீங்கள் அழித்தீர்கள், நாங்களும் அழிப்போம்' என்னும் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. வெப்ப மண்டலக் காட்டின் உயிர்வகைகள் எண்ணிறந்தவை. அவற்றை இழந்தால் நட்டுப் பெற முடியாது.

பிரேசிலால் தடுக்க முடியாது என்பதும் உண்மையன்று. 2004-இல் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. செயற்கைக்கோள் வழிக் கண்காணித்து, மீறினோர்க்குத் தண்டம் விதித்ததாலும், புதிதாய் அழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என வணிகர் 2006-இல் உடன்பட்டதாலும், 2012-இல் அது 5,000-க்கும் கீழே இறங்கிற்று. பிறகு ஆட்சியின் கண்காணிப்புத் தளர்ந்தபோது மீண்டும் ஏறியது. 2021-இல் 13,000-ஐத் தாண்டிற்று.

2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது: காட்டை அழித்த நிலத்தில் விளைந்த சோயா, காப்பி, மாட்டிறைச்சி முதலியன அதன் சந்தைக்குள் வரலாகாது. வளரும் நாடுகள் பலவும் இதனைக் கடிந்துரைத்தன, நடைமுறைப்படுத்துவதும் தள்ளிவைக்கப்பட்டது. காடழிப்பைக் கணக்கிட அச்சட்டம் குறித்த நாள் 2020 டிசம்பர் 31. அதற்கு முன் அழிந்தவை அக்கணக்கில் சேரா.