டிராம்பேயின் இயந்திரக் கைகள்

1964-இல் டிராம்பேயில் புளுட்டோனியம் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. கதிரியக்கப் பொருளை மனிதக் கை தொடலாகாது; தடித்த சுவருக்கு இப்பால் நின்று, ஈயக் கண்ணாடி வழியே பார்த்து, இயந்திரக் கையால் கையாள வேண்டும். அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் 1940-களின் இறுதியில் ரேமண்ட் கோர்ட்ஸ் உருவாக்கிய வகைக் கைகளைப் பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே வடிவமைத்தது. சந்தை கேட்டுப் பிறந்த தொழில்நுட்பமன்று இது. உடனடி இலாபம் எதிர்பாராத அரசு நிதி பொறுமையுடன் வளர்த்தது. நோக்கம் ஒன்றே: தொழிலாளியின் உடலை ஆபத்திலிருந்து விலக்கி நிறுத்துவது.

அந்நோக்கம் ஆய்வுமையத்தின் மதிலைத் தாண்டவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் இதே மும்பையில் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிய மனிதர்கள் மாண்டனர். அணுவுக்குக் கிடைத்த பொறுமையும் நிதியும் பாதாளச் சாக்கடைக்கும் கிடைக்குமா என்பதே ரோபாட்டிக்ஸின் எதிர்காலம் குறித்த முதற்கேள்வி.