சங்கீத வித்தியா மகாஜன சங்கம்

சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்பது இசை ஆய்வுக்காக ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1912இல் தஞ்சாவூரில் நிறுவிய அமைப்பு. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இசைநூல் கற்றவர்களும் ஒன்றுகூடி, தம் தொழிலைப் பற்றித் தாமே கட்டுரை வாசித்து, பாடியும் வாசித்தும் காட்டி, வாதிட்ட மாநாடுகளை இது நடத்தியது. முதல் மாநாடு 1912 மே 27 அன்று கூடியது. பின்னாளில் 'செயல்முறை விளக்க உரை' என்றும், பேச்சுவழக்கில் 'லெக்-டெம்' என்றும் பெயர்பெற்ற வடிவத்தின் தொடக்க காலத் தமிழகக் களங்களில் இது முக்கியமானது.

பின்னணி

காவிரிப் பாசன நிலத்தின் நெல்தான் தஞ்சை இசையைத் தாங்கியது. அரண்மனை மானியம், கோயில் கட்டளை, மிராசுதார் வீட்டுக் கல்யாணம் ஆகிய மூன்றும் அந்த விளைச்சலிலிருந்தே வந்தன. தஞ்சையின் மராத்திய அரசு 1855இல் முடிவுக்கு வந்தபின் அரண்மனை ஆதரவு சுருங்கியது. வித்துவான்கள் பலர் சமஸ்தானங்களையும் சென்னைச் சபாக்களையும் நாடினர்.

சபாவில் கச்சேரி உண்டு, விவாதம் கிடையாது. அரண்மனையில் ஒரு வித்துவானின் ராகத்தை இன்னொருவர் கேள்வி கேட்கவும், அவர் அங்கேயே பாடி நிறுவவும் இடம் இருந்தது. 'சதஸ்' எனப்பட்ட அந்த அவைக்கு மாற்றாக ஒன்று தேவைப்பட்ட காலத்தில் சங்கம் தோன்றியது.

நிறுவனர்

ஆபிரகாம் பண்டிதர் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சாவூருக்கு வந்து பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். பிறகு வேலையை விட்டுச் சித்த மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். அவருடைய மருந்துகள் வெளிநாடுகளுக்கும் சென்றன. ஊருக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற பண்ணையை உருவாக்கிப் பயிர் ஆராய்ச்சியும் செய்தார். 1909இல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

மருந்தில் ஈட்டிய பணத்தை இசைக்குச் செலவிட்டார். மாநாடுகளின் செலவைத் தாமே ஏற்றார். சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியின் பெயரில் அவர் அமைத்திருந்த அச்சகம் நூல் வெளியீட்டுக்கு உதவியது. தலைமுறை தலைமுறையாகப் பாடும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர் என்பதால், வித்துவான்கள் முன்னிலையில் தம் கருத்தைச் சொல்ல அவருக்குப் பரம்பரைப் பெருமை துணை இல்லை. கணக்கும் வீணையுமே துணை.

மையக் கேள்வி

மாநாடுகளில் பண்டிதர் முன்வைத்த முதன்மைக் கேள்வி, ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ஸட்ஜத்துக்கும் அடுத்த மேல் ஸட்ஜத்துக்கும் இடையில், எத்தனை சுருதிகள் (நுண் ஒலிநிலைகள்) என்பது. 22 என்பதே வடமொழி இசைநூல்களின் வழக்கு. தந்தியின் மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமமும், நான்கில் மூன்று பங்கில் மத்திமமும் பிறக்கின்றன என்ற அளவைக் கொண்டு பலரும் அந்த 22ஐக் கணக்கிட்டு வந்தனர்.

இந்த முறை தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வருவதில்லை என்று பண்டிதர் வாதிட்டார். ஒன்றரை மடங்கு வீதம் பன்னிரண்டு முறை பஞ்சமம் ஏறினால் தொடக்க ஒலியின் அதிர்வு சுமார் 129.75 மடங்காகிறது. ஏழு ஸ்தாயி ஏறினால் கிடைப்பது 128 மடங்கு. இரண்டும் ஒரே ஸட்ஜமாக இருக்க வேண்டும், ஆனால் சிறு பிசகு மிஞ்சுகிறது. ஸ்தாயியைச் சம அளவாகப் பிரித்தால் பிசகு மறையும் என்றார். சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் வரும் பாலைகள் என்னும் இசைப் பகுப்பு முறைகளை அதற்குச் சான்றாகக் கொண்டு, ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 எனப் பகுப்புகளை விளக்கினார்.

இந்த 24ஐத் தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளோடு குழப்பக் கூடாது. வீணையில் ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள், மெழுகுக் கலவையில் பதிக்கப்படுகின்றன. பண்டிதரின் 24 ஒரே ஸ்தாயிக்குள் அடங்குவது.

பரோடா, 1916

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் 1916 மார்ச்சில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. அதன் அமைப்பில் இசையறிஞர் வி. என். பாத்கண்டேவுக்குப் பெரும் பங்கு உண்டு. தஞ்சையில் உருவான வாதத்தைப் பண்டிதர் அங்கே கொண்டுசென்றார். அவர் கட்டுரை வழங்க, மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் வீணையில் வாசித்துக் காட்டினர். அதே மாநாட்டில் 22 சுருதிக் கட்சியின் சார்பில் ஈ. கிளெமென்ட்ஸ் சுருதி ஆர்மோனியத்தை முன்வைத்தார். இரு தரப்பும் கருவியோடுதான் வந்தன. சுருதி பற்றிய கூற்றை வித்துவான்களின் காது ஏற்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மாநாட்டு வாதங்கள் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' முதல் தொகுதியில் (1917) விரிவாக இடம்பெற்றன. இரண்டாம் தொகுதி அவர் மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்தது.

விளக்க உரையின் இலக்கணம்

இத்தகைய மாநாடுகளில் பேசுபவர், கேட்பவர், தீர்ப்புச் சொல்பவர் அனைவரும் ஒரே தொழிலினர். அரங்கில் இருப்பவருக்கு ராகம் என்றால் என்ன என்று சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஒரு கமகம் பிசகினாலும் அவர் கண்டுகொள்வார். உரையைத் தயாரிக்கும் முறை இதிலிருந்தே பிறந்தது.

தலைப்பு ஒரு கேள்வியாகச் சுருங்க வேண்டும். 'பைரவி ராகம்' என்பது ஒரு நூலுக்கான பொருள். பைரவியில் சதுச்ருதி தைவதம் எந்தப் பிடிகளில் வருகிறது, சுத்த தைவதம் எங்கே நிற்கிறது என்பது ஓர் உரைக்கான பொருள். மாநாட்டுக்கு முன்மொழியும்போது அனுப்பும் சுருக்கத்தில் கேள்வி, அதற்கு எடுத்துக்கொண்ட நூல்கள், பாடிக்காட்டும் உருப்படிகள், உடன் வாசிப்பவர் ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் தேர்வுக்குழுவுக்கு வேலை எளிது.

சான்றுகள் இரு வகை. ஒன்று லட்சணம், அதாவது நூல் சொல்வது. மற்றது லட்சியம், அதாவது பாடப்பட்டு வரும் வழக்கு. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் பேச அதிகம் இல்லை. முரண்படும் இடத்தில்தான் உரைக்குப் பொருள் கிடைக்கிறது. வழக்கைச் சான்றாகக் காட்டுபவர், அது யாரிடம் பெற்ற பாடாந்தரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

நேரத்தைப் பங்கிடுவதிலும் கவனம் தேவை. சுலோகங்களையும் மேற்கோள்களையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் அவசரமாக இரண்டு வரி பாடுவது பரவலான குறை. ஒவ்வொரு கூற்றுக்கும் உடனே ஒரு பிடியைப் பாடிக் காட்டினால் அவை வாதத்தைத் தொடர்ந்து வரும். விவாத நேரத்தில் வேறொரு வித்துவான் எழுந்து, "எங்கள் பாடாந்தரம் இப்படி" என்று பாடுவதும் உண்டு. அதை இடையூறாகக் கொள்ளாமல் இன்னொரு சான்றாகக் கொள்வதே மரபு.

பிற்காலக் களங்கள்

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கப்பட்டது. டிசம்பர் இசைவிழாவின்போது காலையில் நடக்கும் அதன் கருத்தரங்கில் உரையும் பாட்டும் கலந்து வழங்கப்படுகின்றன. நிபுணர் குழுவினர் கேள்வி எழுப்புவார்கள். மாநாட்டுத் தலைவரான இசைக்கலைஞர் தொகுத்துரைப்பார். பல ஆண்டுகள் அகாடமியின் செயலாளராக இருந்து இக்கருத்தரங்குகளை வளர்த்த வி. ராகவன் திருவாரூர்க்காரர்.

காவிரி டெல்டாவின் வடகோடியான சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசை இயக்கத்துக்குத் தளமாகியது. 1943இல் சென்னையில் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சி மாநாடுகளை நடத்தியது. அங்கே சான்று தேவாரம். ஓதுவார்கள் பாட, பழைய பண்களுக்கு இணையான ராகங்களை அவை ஆராய்ந்தது. பழம்பஞ்சுரம் சங்கராபரணம், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி, கொல்லி நவரோஜ் என்பவை ஓதுவார் மரபில் வழங்கும் இணைகள்.

ஈழத்தின் விபுலானந்தர் எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் குடவாசல் அருகேயுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. வெளியிட்டது தஞ்சையின் கரந்தைத் தமிழ்ச் சங்கம். நூலில் ஆய்ந்தபடி செய்த யாழ்கள் அந்த அவையில் மீட்டப்பட்டன. வழக்கொழிந்த கருவியைப் பற்றிய ஆய்வும் ஒலித்துக் காட்டிய பிறகே அவை ஏறியது.

மதிப்பீடு

சுருதி 22ஆ 24ஆ என்ற வழக்கு சங்க மாநாடுகளிலும் தீரவில்லை, பரோடாவிலும் தீரவில்லை. பாடும் குரல் கமகத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதால் எந்த நிலையான எண்ணிக்கையும் அதைப் பிடிப்பதில்லை என்ற கருத்தும் பின்னர் வலுப்பெற்றது. நிலைத்தது பண்டிதரின் எண் அன்று. எழுதி வந்ததை அவையில் பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும் என்ற ஏற்பாடுதான் நிலைத்தது. பண்டிதரை மறுத்தவர்களும் அந்த ஏற்பாட்டின்படியே மறுத்தார்கள்.