ரவைக் கணக்கு

உணவகத்தின் குசினியில் எமக்குக் காலையில் முதல் வேலை, வந்திறங்கிய பாலையும் கிறீமையும் குளிரறைக்குள் அடுக்குவதுதான். அந்தக் கடதாசிப் பெட்டிகள் சிலவற்றில் சிறிதாக மூன்று எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும்: எஸ்.ஐ.ஜி. பல வருடங்களாக அவற்றைக் கையால் தூக்கி அடுக்குகிறோம். அது என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டபோது கிடைத்த விடை எம்மை எதிர்பாராத ஒரு இடத்துக்கு, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட யப்பானுக்குக் கொண்டுபோய் விட்டது.

சுவிற்சர்லாந்தின் வட எல்லையில், றைன் ஆறு நீர்வீழ்ச்சியாக விழும் நொய்ஹவுசன் என்ற ஊரில், 1853இல் ரயில் பெட்டிகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அது. பின்னர் துவக்குகள் செய்தது. 2000ஆம் ஆண்டில் ஆயுதப் பிரிவை விற்றுவிட்டு, பால் பெட்டிகளும் பழச்சாற்றுப் பெட்டிகளும் செய்யும் கொம்பனியாக நிலைத்துவிட்டது. நீர்வீழ்ச்சியைப் படம் பிடிக்க வரும் யப்பானிய உல்லாசப் பயணிகளை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுடைய பாட்டன்மாரின் காலத்தில் இதே ஊரிலிருந்து யப்பானுக்குப் போன பொருள் வேறு.

துவக்கைப் பற்றி எழுதுவதில் எமக்கு ஒரு கூச்சம் உண்டு. சத்தத்தைக் கேட்டே இன்ன துவக்கு என்று சொல்லப் பழகிய பிள்ளைகளாக வளர்ந்தோம். அந்த அறிவில் பெருமைப்பட எதுவும் இல்லை. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்களுக்கு மிச்சமாக இருக்கும் ஒரே பழக்கம், ஒன்றைக் கண்டால் அதன் பின்னாலுள்ள வரலாற்றைத் தேடுவதுதான். அந்த வகையிலேயே இதையும் எழுதுகிறோம்.

முதலாம் உலகப்போரின் கடைசி வருடமான 1918இல் ஜேர்மனியர் ஒரு புதுவகைத் துவக்கைப் போர்முனைக்குக் கொண்டுவந்தார்கள். ஹூகோ ஷ்மைசர் வடிவமைக்க, பேர்க்மன் தொழிற்சாலை அதைச் செய்தது. றைபிளின் பெரிய ரவைக்குப் பதிலாகக் கைத்துப்பாக்கியின் சிறிய ரவையை, இயந்திரத் துவக்கைப்போலத் தொடர்ந்து சுடுவது அது. உப இயந்திரத் துப்பாக்கி என்று நாம் சொல்வது இந்த வகையைத்தான். தூரத்துக்கு உதவாது. ஆனால் எதிரியின் பதுங்குகுழிக்குள் இறங்கும் ஒருவனின் கையில், பத்துப் பேரின் வேலையை அது செய்யும். தோற்ற ஜேர்மனிமீது வெர்சாய் ஒப்பந்தம் கட்டுப்பாடுகளை விதித்ததும், நொய்ஹவுசன் தொழிற்சாலை அனுமதி பெற்று 1920 முதல் அதைச் செய்து வெளிநாடுகளுக்கு விற்றது. வாங்கியவர்களுள் யப்பானும் இருந்தது, சீனாவும் இருந்தது. 1932 ஜனவரியில் ஷங்காய் நகரத் தெருக்களில் யப்பானியக் கடற்படையின் தரையிறங்கு படையும் சீனாவின் 19ஆவது படையும் மோதியபோது, இரு பக்கமும் ஒரே மாதிரியான துவக்கு இருந்தது. நடுநிலை என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

யப்பானியர் அதற்கு 'பே வகை' என்று பேர்க்மனின் முதலெழுத்தால் பெயர் வைத்தார்கள். தமக்கென அதில் ஒரு மாற்றமும் செய்வித்தார்கள். குழலின் கீழே, துவக்குமுனைக் கத்தியைப் பொருத்துவதற்கு ஒரு பிடிப்பு. சில விநாடிகளில் முப்பது வரையான ரவைகளைச் சுடக்கூடிய ஒன்றின் முனையில் எதற்குக் கத்தி? இந்தக் கேள்வியை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். இக்கட்டுரை முழுவதும் இதையே சுற்றி வருகிறது.

வெளியிலிருந்து வாங்குவதை விட்டுத் தாமே செய்வது என்று 1930களில் யப்பானியத் தரைப்படை யோசித்தபோது அந்த வேலை போய்ச் சேர்ந்த இடம் நம்பு கிஜிரோ என்பவரின் தொழிற்சாலை. தமிழில் வாசிக்கும்போது அவர் பெயர் ஏதோ கட்டளையிடுவதுபோல ஒலிக்கிறது. 1869இல் சாகா என்ற இடத்தில் ஒரு சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். 1902இல் அவர் வடிவமைத்த கைத்துப்பாக்கியின் வழியில் வந்த எட்டு மில்லிமீற்றர் ரவையே பின்னர் யப்பானியப் படையின் வழக்கமான கைத்துப்பாக்கி ரவையாயிற்று. 1922இல் வந்த இலகு இயந்திரத் துவக்கும், 1932இல் வந்த கனரக இயந்திரத் துவக்கும் அவருடையவையே. 1924இல் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வுபெற்ற பின் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார். 1936இல் அது சூஓ கோக்யோ என்ற பெரிய கொம்பனியோடு இணைந்தது.

1930களின் நடுப்பகுதியில் அவர் செய்துகாட்டிய சோதனைத் துவக்குகள் இன்று பார்ப்பவரையும் வியக்க வைக்கின்றன. அதுவரை வந்த இவ்வகைத் துவக்குகளில் ரவைக்கூடு பக்கவாட்டிலோ கீழேயோ தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். நம்புவின் துவக்கில் ரவைக்கூடு கைப்பிடிக்குள்ளேயே செருகப்பட்டது. ஐம்பது ரவைகள் கொள்ளும், சற்று வளைந்த கூடு. இதனால் துவக்கு கட்டையாகியது, பாரம் கைக்கு நேரே வந்தது. இருட்டில் ரவைக்கூட்டை மாற்றுபவன் தடுமாறத் தேவையில்லை, ஒரு கை மற்றக் கையைத் தேடிக் கண்டுகொள்ளும். இரண்டாம் வகை என்று பெயரிடப்பட்ட சோதனைத் துவக்கில் இன்னொரு புதுமையும் இருந்தது. உள்ளே முன்னும் பின்னும் ஓடும் இரும்புக் கட்டியின் வேகத்தை, பின்புறத்திலிருந்த ஒரு காற்று உருளை தடுத்து மட்டுப்படுத்தியது. சுடும் வேகத்தை அதைக்கொண்டு கூட்டிக் குறைக்கலாம். கைப்பிடிக்குள் ரவைக்கூடு என்ற அமைப்பு, போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியரும், இஸ்ரேலில் ஊசி துவக்கைச் செய்த ஊசியெல் கால் என்பவரும் கையாண்ட பின்னரே உலகத்தின் கண்ணில் பட்டது. நம்பு அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் முந்திவிட்டார்.

ஆனால் தரைப்படை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சோதனைகளில் குறைகள் காணப்பட்டன என்பது உண்மை. புதிதாகச் செய்யப்படும் எந்தத் துவக்கிலும் குறை இருக்கும், வேண்டுமென்று நினைப்பவர்கள் அதைத் திருத்திக்கொள்வார்கள். இங்கே வேண்டுமென்று நினைக்க ஆளில்லை. இதற்கான காரணம் பட்டறையில் இல்லை. முப்பது வருடங்கள் பின்னோக்கிப் போனால் கிடைக்கும்.

1904-05இல் ருசியாவுடனான போரில் போர்ட் ஆர்தர் கோட்டையைப் பிடிக்க யப்பானியப் படை சுமார் 60,000 பேரைக் கொல்லவும் காயமுறவும் கொடுத்தது. இயந்திரத் துவக்குகளுக்கு முன்னால் வரிசை வரிசையாக ஓடி விழுந்தார்கள். இதிலிருந்து எவரும் கற்கக்கூடிய பாடம், இனி மனிதரை இப்படி ஓடவிடக்கூடாது என்பதே. யப்பானியத் தலைமை கற்றது வேறு. கோட்டை விழுந்ததல்லவா, ஆகவே ஓடியவர்களின் ஆன்மபலமே வென்றது என்று முடிவுகட்டி, 1909இன் காலாட்படைக் கையேட்டில் துவக்குமுனைக் கத்தியால் பாய்வதையே போரின் முடிவைத் தீர்மானிக்கும் செயலாக எழுதிவைத்தது. அதன்பின் எந்தப் புதிய துவக்கும் அந்தக் கத்தியின் அனுமதியைப் பெற்றே உள்ளே வரவேண்டியிருந்தது.

இத்தோடு ஒரு கணக்கும் சேர்ந்தது. யப்பானின் தொழில்துறை அமெரிக்காவினதோ ஜேர்மனியினதோ அளவில் இல்லை. தொடர்ந்து சுடும் துவக்கைப் படைமுழுவதும் கொடுத்தால் ரவைக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதே படைமுகாம்களில் புதிதாக வந்த பையன்களுக்கு இன்னொரு விலையும் சொல்லப்பட்டது: ஒரு சென் ஐந்து ரின். அன்றைய தபாலட்டையின் விலை அது. உன்னை மாற்றுவதற்கு ஒரு தபாலட்டை போதும், குதிரைக்குத்தான் பணம் வேண்டும் என்பது அதன் பொருள். உண்மையில் படைக்கு அழைக்கும் சிவப்புக் கடதாசியை ஊர் அலுவலகத்து ஆளே கையில் கொண்டுவந்து கொடுப்பார். ஆக, அந்த ஒரு சென் ஐந்து ரின் செலவும் கிடையாது. ரவைக்கு விலை உண்டு, அதைச் சுடுபவனுக்கு விலை இல்லை. சோதனைத் துவக்கு தோற்றது இந்தக் கணக்கேட்டில்தான் என்று நாம் நினைக்கிறோம்.

மூன்றாவது வகைச் சோதனையிலிருந்து ஒருவாறு ஒன்று தேறி, 1940இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. யப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கில் அது 2600ஆம் வருடம் என்பதால் '100ஆம் வகை' என்று பெயர் வந்தது. நம்புவின் துணிச்சலான அமைப்பு அதில் இல்லை. ரவைக்கூடு பழையபடி இடதுபக்கம் போய்விட்டது, ஐம்பது ரவை முப்பதாகக் குறைந்தது. கத்தி பொருத்தும் அமைப்பு மட்டும் தவறாமல் இருந்தது. அதுவும் பெரும்பாலும் பரசூட் படை போன்ற சிறப்புப் பிரிவுகளுக்கே போய்ச் சேர்ந்தது.

1942 ஓகஸ்ட் 21 அதிகாலையில் குவாடல்கனால் தீவில் கேணல் இச்சிகியின் சுமார் 900 பேர், கத்தி பொருத்திய றைபிள்களோடு ஒரு மணல்திட்டைக் கடந்து அமெரிக்க இயந்திரத் துவக்குகளை நோக்கி ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் 800 பேரளவில் இறந்திருந்தார்கள். போர்ட் ஆர்தரில் கற்ற பாடத்தை அவர்கள் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார்கள்.

இதே போரில் சோவியத் ஒன்றியம் ஷ்பாகின் துவக்கை ஐம்பது இலட்சத்துக்கு மேல் செய்தது. பிரித்தானியா தகரக் குழாய்போலத் தோன்றும் ஸ்ரென் துவக்கைச் சுமார் நாற்பது இலட்சம் செய்தது. யப்பானின் 100ஆம் வகை, மிகக் கூடிய மதிப்பீட்டின்படியும் 30,000ஐ எட்டவில்லை.

1944இல் புத்தி தெளிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நிமிடத்துக்குச் சுமார் 450 ரவையாக இருந்த சுடும் வேகத்தை 800 அளவுக்கு உயர்த்தி, செய்முறையை எளிதாக்கினார்கள். இரும்பு கொண்டுவரும் கப்பல்கள் கடலடியில் கிடந்தன. தொழிலாளர் போர்முனைக்குப் போய்விட, படைக்கலச் சாலைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள். அந்நாளைய துவக்குகளில் ஒட்டுவேலை கரடுமுரடாகவே இருக்கிறது. 1945 மே 24 இரவு ஒக்கினாவாவின் யொன்ரான் விமானத்தளத்தில் வயிறு உரச இறங்கிய ஒரேயொரு விமானத்திலிருந்து சிலர் இந்தத் துவக்குகளோடு பாய்ந்து, நின்ற விமானங்களை எரித்து, ஏறக்குறைய எல்லோருமே மடிந்தார்கள். அடுத்த மாதம் வந்த சட்டம் 15 முதல் 60 வயது ஆண்களையும் 17 முதல் 40 வயதுப் பெண்களையும் போருக்குரியவர்கள் என்றது. அவர்களுக்குக் கொடுக்கத் துவக்கு இல்லை. மூங்கிலைச் சீவி ஈட்டியாக்கப் பழக்கினார்கள். கத்தியில் தொடங்கிய நம்பிக்கை மூங்கிலில் வந்து முடிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது தவறு. நம்புவின் துவக்கு இலட்சக்கணக்கில் செய்யப்படாமல் போனதற்காக நாம் இரங்கவில்லை. அது செய்யப்பட்டிருந்தால் சீனாவிலும் மலாயாவிலும் பர்மாவிலும் அதன் முன்னால் நிற்க வேண்டியிருந்தவர்கள் யார் என்பது எமக்குத் தெரியும். அதே படை அமைத்த சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். தன் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தபாலட்டையின் விலை வைத்த தலைமை, பிறத்தியாருக்கு விலையே வைக்கவில்லை. இரண்டும் ஒரே கணக்கேட்டின் இரண்டு பக்கங்கள்.

100ஆம் வகைத் துவக்கு செய்யப்பட்ட இடங்களுள் ஒன்று கொக்குரா படைக்கலச் சாலை. 1945 ஓகஸ்ட் 9 காலையில் இரண்டாவது அணுகுண்டைச் சுமந்து வந்த விமானத்தின் முதல் இலக்கும் அதுவே. மேகமும் புகையும் மறைத்ததால் குண்டு அங்கே விழவில்லை. விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அவ்வருட முடிவுக்குள் அங்கே சுமார் 70,000 பேர் இறந்தார்கள். கொக்குராவில் படைக்கலச் சாலை நின்ற நிலத்தில் இன்று ஒரு பூங்கா இருக்கிறது. தமக்குப் பதிலாக இறந்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.

நம்பு 1949இல் இறந்தார். அவருடைய தொழிற்சாலையின் வழிவந்த மினெபெயா கொம்பனி, 1990களில் யப்பானியத் தற்காப்புப் படைக்கு ஒரு சிறிய உப இயந்திரத் துப்பாக்கியைச் செய்து கொடுத்தது. அதில் ரவைக்கூடு கைப்பிடிக்குள் செருகப்பட்டிருந்தது. அறுபது வருடங்களுக்கு முன் சொன்னதை, இஸ்ரேலியத் துவக்கொன்றின் சாயலில் பார்த்த பின்னரே யப்பான் ஏற்றுக்கொண்டது.

எமது ஊர்களிலும் ரவைகளை எண்ணிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. எத்தனை ரவை வாங்கினாய், எத்தனை மீந்தது என்று கொப்பியில் எழுதினார்கள். கைநீட்டி வாங்கியவர்களுள் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இருந்தார்கள். ரவைக் கணக்கு எழுதிய கொப்பிகள் எங்கே போயின என்று எவரும் தேடவில்லை. பிள்ளைகளின் கணக்கைத்தான் தாய்மார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாளைக் காலையும் பால் வந்திறங்கும். பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்து, கையொப்பமிட்டு, குளிரறைக்குள் அடுக்குவோம்.