இடுப்பில் தோன்றிக் காலில் இறங்கும் வலி

விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ, திண்டுக்கல் வெங்காய மண்டிகளுக்கோ போனால் ஒரு காட்சியைக் காணலாம். தலையில் சும்மாடு கட்டிய தொழிலாளி ஒருவர் லாரிக்கு முதுகைக் காட்டி நிற்பார். மேலே நிற்பவர்கள் மூட்டையை அவருடைய முதுகின் மேற்பகுதியில் சாய்ப்பார்கள். அவர் சற்றே முன்குனிந்து, ஓட்டமும் நடையுமாக மண்டிக்குள் போவார். இப்படி நாளெல்லாம் சுமந்தவர், ஒரு நாள் தரையில் கிடக்கும் சிறு பெட்டி ஒன்றை எடுக்கக் குனிகிறார். இடுப்பில் 'சுரீர்' என்கிறது; நிமிர முடியவில்லை. இரண்டு நாளில் இடுப்பு வலி சற்றுக் குறைகிறது. ஆனால் பிட்டத்திலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வேறொரு வலி இறங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் அது மிகுகிறது. கால் விரல் மரத்துப்போகிறது.

இதைத்தான் மருத்துவர்கள் 'சயாட்டிகா' என்கிறார்கள். நம் ஊரில் நரம்பு இழுப்பு என்பார்கள், வாயுப் பிடிப்பு என்பார்கள். சுளுக்கு வழிக்கச் சொல்வார் ஒருவர். ஒரு மாதம் படுத்தே கிடக்கச் சொல்வார் இன்னொருவர். அறுவை செய்தால் கால் போய்விடும் என்று அச்சுறுத்துவார் வேறொருவர். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இவற்றுள் எதை ஏற்பது என்பது வெறும் மருத்துவக் கேள்வி அன்று. அடுப்பு எரியுமா என்ற கேள்வி. விடை காண, இந்த வலியை மனிதன் புரிந்துகொண்ட வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மூட்டா, நரம்பா?

இது புதிய நோய் அன்று. சரக சம்ஹிதை இதை வாத நோய்களுள் ஒன்றாக வைத்து 'கிருத்ரசி' என்று பெயரிட்டது. பிட்டத்தில் தொடங்கி இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என்று வலி இறங்கும் வரிசையை அந்நூல் சரியாகவே குறிக்கிறது. கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளி கழுகைப் போல் சாய்ந்து நடப்பதால் இப்பெயர் வந்ததென்று விளக்கம் கூறுவர். நம் சித்த மருத்துவமும் இத்தகைய வலிகளை வாதத்தின் கணக்கில்தான் சேர்த்தது.

கிரேக்கர்கள் இடுப்பைக் குறிக்கும் தங்கள் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார்கள். இன்றைய 'சயாட்டிகா' அந்தச் சொல்லின் திரிபே. இப்பெயரே ஒரு தவறான கருத்துக்கும் வழிவகுத்தது. வலி இடுப்பு மூட்டில் இருக்கிறது என்று நம்பி, நெடுங்காலம் மூட்டுக்கே வைத்தியம் செய்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதும் அவ்வைத்தியங்களுள் ஒன்று.

இக்குழப்பத்தை முதலில் பிரித்துக் காட்டியவர் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமேனிகோ கொத்துன்யோ. 1764-ஆம் ஆண்டு, தமது 28-ஆம் வயதில், அவர் ஒரு நூல் வெளியிட்டார். மூட்டில் எழும் வலி வேறு, நரம்பில் எழும் வலி வேறு என்று அதில் நிறுவினார். நம் உடலின் மிகத் தடித்த நரம்பு இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக இறங்குகிறது. ஏறக்குறைய ஒரு விரல் பருமன் உடையது. வலி செல்லும் பாதை இந்த நரம்பின் பாதையே என்றார் கொத்துன்யோ. நரம்பின் உறைக்குள் கெட்ட நீர் தேங்குவதே காரணம் என்று அவர் கருதியது பிழை. ஆயினும் நோயின் இருப்பிடத்தை அவர் சரியாகவே சுட்டினார்.

காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை

நரம்புதான் என்றால் அதைச் சோதிப்பது எப்படி? 1880-ஆம் ஆண்டு செர்பிய மருத்துவர் லாசா லாசரேவிச் ஒரு வழி சொன்னார். இவர் தம் நாட்டில் சிறுகதை ஆசிரியராகவும் புகழ் பெற்றவர். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தினால் வலி எழுகிறது; முழங்காலை மடக்கினால் வலி அடங்குகிறது. ஆகவே நரம்பு இழுபடுவதே வலிக்குக் காரணம் என்றார் அவர். அடுத்த ஆண்டில் பாரிஸ் நகரில் ஃபோர்ஸ்ட் என்ற மாணவர் இதே சோதனையைத் தம் ஆய்வேட்டில் விவரித்து, அப்பெருமையைத் தம் ஆசிரியர் லசேக்குக்கு அளித்தார். லாசரேவிச் தம் தாய்மொழியில் எழுதியதை உலகம் உடனே படிக்கவில்லை. எனவே இன்றும் பல நூல்களில் இது 'லசேக் சோதனை' என்றே வழங்குகிறது. சிறிய மொழியில் எழுதப்பட்ட அறிவியலுக்கு நேர்வது இதுதான் என்பதைத் தமிழில் அறிவியல் படிக்கும் நாம் கவனிக்க வேண்டும்.

1884-இல் பிரெஞ்சு மருத்துவர் தெ பர்மான் ஒரு சடலத்தில் இந்நரம்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரப்பர்க் குழாயைப் பொருத்திக் காலை உயர்த்திப் பார்த்தார். குழாய் நீண்டது. நரம்பு இழுபடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எளிய கருவி, ஐயத்துக்கு இடமில்லாத விடை!

பிதுங்கிய தட்டு

நரம்பு நோகிறது, சரி. அதை நோகச் செய்வது எது? இதற்கு விடை கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. முள்ளெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண். அவற்றுக்கு இடையே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் உள்ளன. தட்டின் விளிம்பு பல அடுக்கு நார்களால் ஆனது. நடுவில் நீர் மிகுந்த, கூழ் போன்ற பொருள் இருக்கிறது. தட்டுக்குப் பின்னால்தான் காலுக்குச் செல்லும் நரம்புகளின் வேர்கள் இறங்குகின்றன.

1911-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு தொழிலாளி கனமான இரும்புத் தகட்டைத் தூக்கும்போது இடுப்பில் கடும் வலி கண்டு, கால்கள் செயலிழந்து, சில நாட்களில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், இடைத்தட்டின் கூழ் பின்பக்கம் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கியிருந்ததை மிடில்டன், டீச்சர் என்ற இரு மருத்துவர்கள் கண்டார்கள். கூலிக்காகப் பாரம் தூக்கிய ஒருவருடைய உடல்தான் மருத்துவ உலகுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது. ஆனால் உலகம் அதை உடனே கற்கவில்லை. அறுவையில் இத்தகைய துண்டுகள் கிடைத்தபோதெல்லாம் 'குருத்தெலும்புக் கட்டி' என்று பெயரெழுதிப் புட்டியில் வைத்தார்கள்.

1932-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர் என்ற நரம்பு அறுவை மருத்துவரும், பார் என்ற எலும்பு மருத்துவரும் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த துண்டை ஆராய்ந்தனர். அது கட்டி அன்று, இடைத்தட்டின் பகுதியே! பழைய புட்டிகளையும் திறந்து பார்த்தார்கள். அவற்றுள் பலவும் அப்படியே இருந்தன. 1934-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சயாட்டிகாவின் வரலாற்றில் ஒரு திருப்பம். அதன்பின் தட்டை அறுத்தெடுக்கும் சிகிச்சை உலகெங்கும் பரவிற்று. நம் மாநிலத்தில் 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறைகளைத் தொடங்கினார்கள்.

நெம்புகோல் கணக்கு

இங்கே சிறிது இயற்பியல் பார்ப்போம். நீங்கள் 20 கிலோ பெட்டி ஒன்றைக் கைநீட்டித் தூக்குகிறீர்கள். பெட்டிக்கும் முதுகெலும்புக்கும் இடையே 40 செ.மீ. தூரம் என்க. அதைச் சமன் செய்யும் முதுகுத் தசை, தூணிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவிலேயே இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி 20 × 40 = தசையின் விசை × 5. ஆகவே தசை 160 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். பெட்டியின் 20-ஐயும் சேர்த்தால், இடைத்தட்டின்மேல் 180 கிலோ விழுகிறது! குனிந்த உடலின் எடை இதில் சேரவில்லை. அதே பெட்டியை 20 செ.மீ. தொலைவில் அணைத்துத் தூக்கினால் 80 + 20 = 100 கிலோ மட்டுமே.

சந்தைத் தொழிலாளி மூட்டையை முதுகின் மேற்பகுதியில் ஏற்றுவது ஏன் என்பது இப்போது விளங்கும். அங்கே பாரம் தூணுக்கு அருகில் இருப்பதால் நெம்புகரம் மிகச் சிறியது. கணக்குப் படிக்காமலே அவர் கண்ட இயற்பியல் இது. மூட்டையைச் சுமக்கும்போது நேராத கேடு, சிறு பெட்டியைக் குனிந்து எடுக்கும்போது நேர்வதும் இதனாலேயே.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. சுவீடனில் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்றால், படுக்கும்போது 25 என்றும், சாய்மானமின்றி உட்காரும்போது 140 என்றும் கண்டார். 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரிடம் மீண்டும் அளந்தனர். படுக்கையில் சுமார் 1 வளிமண்டல அழுத்தம், நிற்கையில் 5. 20 கிலோ பாரத்தை முதுகை வளைத்துத் தூக்கினால் 23, முழங்காலை மடக்கித் தூக்கினால் 17. உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிட மிகவில்லை என்றும் அவர்கள் கண்டனர். பழைய அளவீட்டைப் புதிய அளவீடு திருத்துவது அறிவியலுக்கு இழுக்கு அன்று.

ஆனால் எல்லாவற்றுக்கும் பாரமே காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டா. 1995-இல் பின்லாந்தின் இரட்டையர்களை ஆராய்ந்தபோது, தட்டுத் தேய்மானத்தில் தொழிலைவிடப் பரம்பரையின் பங்கே பெரிது என்று தெரிந்தது. பிதுங்கிய கூழ் நரம்பை நசுக்காமலே, தன் வேதிப்பொருள்களால் வீக்கமூட்டி வலி உண்டாக்கும் என்பதும் விலங்குச் சோதனைகளில் வெளிப்பட்டது. மூட்டையே தூக்காத எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் இந்நோய் வருவதில் வியப்பில்லை.

பப்பாளி தந்த பாடம்

சிகிச்சை வரலாற்றில் நம் தோட்டத்துப் பப்பாளிக்கும் ஓர் இடம் உண்டு. அதன் பாலிலுள்ள ஒரு நொதி, இறைச்சியை மென்மையாக்குவது போல் தட்டின் கூழையும் கரைக்கும். 1963-இல் அமெரிக்க மருத்துவர் லைமன் ஸ்மித் அதை முதன்முதலாக நோயாளியின் தட்டில் செலுத்தினார். 1982-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. பலர் நலம் பெற்றனர். ஆயினும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் தண்டுவடப் பாதிப்பும் நேர்ந்தன. சில ஆண்டுகளில் அதன் பயன்பாடு குறைந்து, பின்னர் விற்பனையே நின்றது.

அறுவையைப் பற்றி 1983-இல் நார்வே நாட்டு வெபர் ஓர் ஆய்வு வெளியிட்டார். உடனடி அறுவை தேவையா என்று ஐயமிருந்த 126 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கினார். ஓராண்டில் அறுவைப் பிரிவினர் நன்றாக இருந்தனர். நான்காம் ஆண்டில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2007-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்றும் 283 நோயாளிகளிடம் ஏறக்குறைய இதையே கண்டது: அறுவை வலியை விரைவாகத் தணிக்கிறது, ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். பிதுங்கிய பகுதி பலருக்குத் தானாகவே சுருங்குவதே இதற்குக் காரணம்.

படுக்கை ஓய்வு? 1999-இல், அதே நாட்டில், 183 பேரிடம் சோதித்தார்கள். இரண்டு வாரம் படுத்திருந்தவர்கள் நடமாடியவர்களைவிட மேம்படவில்லை. கூலி இழந்து படுத்துக் கிடந்த எத்தனையோ பேரை எண்ணும்போது மனம் நோகிறது.

இன்னொரு செய்தி. காந்தப் படத்தில் 'தட்டு பிதுங்கியிருக்கிறது' என்று பார்த்ததும் பலர் கலங்கிவிடுகிறார்கள். 1994-இல், முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, 36 விழுக்காட்டினருக்கே எல்லாத் தட்டுகளும் ஒழுங்காக இருந்தன! படம் மட்டும் நோய் ஆகாது. படமும், நோயாளி கூறும் வலியும், கால் தூக்கும் சோதனையும் ஒத்துவர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது இதுதான். பெரும்பாலோருக்கு இவ்வலி சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிகிறது. தாங்கும் அளவுக்கு நடமாடுங்கள். மருத்துவர் சொல்லும் வலி மருந்தையும் உடற்பயிற்சியையும் மேற்கொள்ளுங்கள். கால் முன்வந்து பிறந்தவரை அழைத்து முதுகில் மிதிக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு, அதை விட்டுவிடுங்கள். ஆறு, எட்டு வாரம் கடந்தும் கடும் வலி தணியாவிட்டால் அறுவையைப் பற்றி மருத்துவருடன் பேசலாம், அச்சம் வேண்டா.

ஆனால் சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் கட்டுப்பாடின்றிப் போதல், உட்காருமிடம் மரத்துப்போதல், பாதம் தொங்கிப்போதல் ஆகியவை நரம்புகள் பெரிதும் நசுங்குவதைக் காட்டும். இரவானாலும் மருத்துவமனைக்கு விரையுங்கள். 2022-இல் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது.

இறுதியாக ஒன்று. முதுகைக் காப்பது தொழிலாளியின் பொறுப்பு மட்டும் அன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே, ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. அதனோடு வந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010-இல். 100 கிலோ மூட்டைகள் நம் கிடங்குகளில் நெடுங்காலம் புழங்கின. அவற்றை 50 கிலோ ஆக்குவதற்கு அறுவைக் கத்தியும் வேண்டா, காந்தப் படமும் வேண்டா. கோணியை அளந்து தைத்தால் போதும். லாரியின் உயரத்துக்கு ஒரு மேடை, மண்டிக்குள் ஒரு தள்ளுவண்டி இருந்தால் குனிந்து தூக்கும் வேலை பாதியாகும். நெம்புகோலின் விதியை நாம் மாற்ற முடியாது. மூட்டையின் எடையை மாற்றலாம். நாளைக் காலை சந்தையில் நீங்கள் வாங்கும் ஒரு கிலோ வெங்காயமும் யாரோ ஒருவருடைய இடைத்தட்டின் மேல் ஏறி இறங்கி வந்ததுதான்.